இரண்டு சத்தம் கேட்கிறது என்றாய்

என் ஐம்பத்தொரு வயதுப் பிள்ளையே,

முறைக்காதே. இந்த வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் தீர்மானிக்கவில்லை, நீதான் தீர்மானித்தாய். காலையில் "அம்மா, எழுந்திரும்மா." சாப்பிடும்போது "அம்மா, கொஞ்சம் ரசம் ஊத்தும்மா." நான் ஃபோனை நோண்டினால் "தாயே, போதும் தாயே, கண்ணு கெட்டுடும்." பெற்ற மகளைப் பதினேழு வருடமாக அம்மா அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, அந்த அம்மா ஒரு நாள் உட்கார்ந்து மகனுக்கு ஒரு கடிதம் எழுதினால், அதைத் திமிர் என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது. ஆகவே இந்தத் தாள் முடியும்வரை நான் அம்மா, நீ மகன். என்னை நிஜமாகவே பெற்றவள் இந்தக் கணக்கில் எனக்கு மருமகள் ஆகிறாள். அவளுக்கு இதில் சம்மதமில்லை. "ஆரு ஆருக்குடி மருமவ?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். மாமியார் எழுதும்போது மருமகள் குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் இது. நீ பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போயிருக்கிறாய், திரும்பி வர ஐந்தாகும். அதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் கை ஓடுகிறது, ஆனால் உடம்பு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. முதல் பத்தியை மேஜையில் எழுதினேன். இதை வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்ததைச் சைக்கிள் கேரியரில் தாளை வைத்து எழுதுவேன் என்று நினைக்கிறேன். சைக்கிளை விட்டு ரொம்ப தூரம் போக எனக்குப் பயமாக இருக்கிறது, யாரோ இப்போதே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. திங்கட்கிழமை மங்கலம்பேட்டையிலிருந்து டிரைவர் மாமா வருவார். இருபது வருடம் நீ கண்டக்டராக நின்ற பஸ்ஸை ஓட்டியவர் என்பதால் அவருக்கே இந்தச் சைக்கிளைக் கொடுத்துவிடப் போகிறாய். "நமக்கு எதுக்கும்மா இனிமே? மாதாவே வேணாம்னுட்டாங்க" என்று நீ சொன்னது புதன்கிழமை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதா அப்படி ஒன்றும் சொல்லவில்லை, மகனே. சொன்னது யார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் அதற்கு முன்னால் பழசு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் வர முடியாது. போன வருடம் தவக்காலம் தொடங்கிய சமயம், மூன்று நாளாக உனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நீ யாரிடமும் சொல்லவில்லை. ஓம வாட்டர் குடித்தாய், சோடா குடித்தாய், கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே நியூஸ் பார்த்தாய். மருமகள் கேட்டதற்கு "கேஸு, வேற ஒண்ணுமில்ல" என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். உன் பெரிய ஏப்பத்தைக் கேட்டு, "கேஸா? சிலிண்டர் புக் பண்ணவா?" என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அடுத்த நாள் காலையில் டூட்டிக்குப் போனவனைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லாரையும் கேலி செய்கிறவள்தான் நான், உனக்குத் தெரியும். சர்க்கரை டப்பாவில் உப்பு வைத்தவள், உன் விசிலுக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பஸ்ஸில் முட்டை விட வைத்தவள். எந்தச் சேட்டைக்கும் நான் வருத்தப்பட்டதில்லை. அந்தச் சிலிண்டரை மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

ஆஸ்பத்திரியில் முதன்முதலாக வாய் திறந்தபோது நீ மருமகளிடம் கேட்டது தண்ணீர் அல்ல. "பொழச்சி எழுந்தா சைக்கிள்லயே வேளாங்கண்ணி வர்றேன்னு நேந்துக்கிட்டேன்" என்றாய். ஸ்டென்ட் வைத்த ஆள் ஸ்டண்ட் அடிக்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு டாக்டரே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, "சைக்கிள் நல்லதுதான், மெதுவா ஆரம்பிங்க" என்று என்னைக் கவிழ்த்துவிட்டார். அப்புறம் மாதக்கணக்கில் பேரம் நடந்தது. கடைசியில் டிரெட்மில்லில் உன்னை நடக்க விட்டுப் பார்த்துவிட்டு, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மிதிக்கலாம், விட்டு விட்டுப் போகணும், அதற்கு மேல் பஸ் என்று அவர் சொன்னார். பங்குச் சாமியாரும் நேர்ச்சைக்கு அது போதும் என்றார். ஆகஸ்ட் கடைசியில் நம் பங்குக் கோயிலிலிருந்து வருடாவருடம் கொடி கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் கூட்டத்தில் உன் பெயரும் சேர்ந்தது. உன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கறுப்புச் சைக்கிளைத் துடைத்து, ஸ்பிரிங் சீட்டுக்குப் புது ரெக்சின் உறை போட்டு, கைப்பிடிக்குப் புது ரப்பர் மாட்டி, தினமும் காலையில் தேவனாம்பட்டினம் பீச் வரை போய் வந்தாய். கடலூரே உன்னைப் பார்த்துக் கை காட்டியது. நான் ஒருத்திதான் காட்டவில்லை.

ஒரு காலையில் நீ பீச்சிலிருந்து திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தினாய். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஸ்டாண்டு போட்டுவிட்டு, வலது கையை நெஞ்சில் வைத்தாய். வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். வலித்ததா, சட்டைப் பையில் ஏதாவது தேடினாயா, எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். "என்னப்பா செய்யுது?" என்று இரண்டு வார்த்தை. ஆனால் போன முறை வாயைத் திறந்து நான் கேட்டது சிலிண்டர் புக் பண்ணவா என்பதுதானே? இந்த முறை எனக்கு வாயே வரவில்லை. கைதான் வந்தது. அன்று மத்தியானம் நீ டிப்போவில் இருந்தபோது, பீரோவிலிருந்து உன் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்து, ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினேன். சோப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றி வலது கைப்பிடி ரப்பரைக் கழற்றினேன். அந்தப் பட்டையை இரண்டாக மடித்துக் கம்பியின் மேல் வைத்து, ரப்பரைத் திரும்பத் தள்ளினேன். பத்து நிமிட வேலை. சோப்பு காய்ந்ததும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கிரிக் என்றது. எக்ஸ்ரேயை வேண்டுமென்று எடுக்கவில்லை, வீட்டில் அதைவிட விறைப்பான பிளாஸ்டிக் வேறில்லை. ஆனால் எடுத்த பிறகு, இது பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தவளும் நான்தான்.

சைக்கிள் சத்தத்தைப் பற்றி உன் அம்மா இப்போது உனக்கு ஒரு பாடம் சொல்கிறாள், கேட்டுக்கொள். சைக்கிள் உடம்பு முழுக்கக் குழாய். ஒரு மூலையில் கத்தினால் இன்னொரு மூலையில் கேட்கும். வலது காலால் ஓங்கி மிதிக்கும்போது, நமக்குத் தெரியாமலே வலது கையால் கைப்பிடியை இழுக்கிறோம். கத்துவது கைப்பிடி, ஆனால் மிதியோடு சேர்ந்து கத்துவதால் எவனும் பெடலைத்தான் சந்தேகப்படுவான். நீயும் அப்படியே செய்தாய். "அம்மா, ஏதோ கத்துதும்மா, மிதிக்கிறப்பல்லாம் கத்துது" என்று வந்தாய். முதலில் பெடலுக்கு எண்ணெய் விட்டாய். பிறகு பெடலையே மாற்றினாய். பிறகு செயின் கவரைக் கழற்றினாய். பிறகு நடு அச்சைப் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டினாய். மருமகளின் மூன்று பழைய புடவைத் துணிகள் கறுப்பாகிச் செத்தன. கிரிக். நீ தலையைச் சாய்த்துக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் கடைசி சீட்டில் விழுந்த சில்லறை எத்தனை ரூபாய் நாணயம் என்று சொல்லும் அந்தக் காதை வைத்துக்கொண்டு கேட்டாய். கேட்டுவிட்டு ஒன்று சொன்னாய்: "ரெண்டு சத்தம் கேக்குது. ஒண்ணு கீழ, ஒண்ணு பின்னால."

நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் வைத்தது ஒன்று. மகனுக்குக் கற்பனையிலேயே இன்னொன்று முளைத்துவிட்டது, வட்டி போட்டுக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் ஓ.டி.யில், கடலூர் பழைய டவுனில், உள்ள சைக்கிள் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கடைக்காரப் பாய் வண்டியில் ஏறித் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். ஒல்லியான மனுஷர், சீட்டில் பட்டும் படாமல் உட்கார்ந்து, இரண்டு விரலால் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு போகிறவர். அவர் எங்கே இழுக்கப் போகிறார்?

"கண்டக்டரே, வண்டி பட்டு மாரி போவுது. சத்தம் எங்க இருக்கு?"

"நான் ஏறினா கத்துது பாய். ரெண்டு எடத்துல கத்துது."

"அப்ப வண்டிய ஒண்ணும் பண்ண வேணாம். ஆளுக்குத்தான் ஆயில் விடணும்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வந்தாய். நான் பக்கத்தில் நடந்தேன். அந்த வழி முழுக்க நான் சொல்லியிருக்கலாம். மார்க்கெட் தாண்டும்போது சொல்லியிருக்கலாம், பாலத்தில் சொல்லியிருக்கலாம். வலது ரப்பரைக் கழற்று என்று மூன்றே வார்த்தை. பாலத்தில் நீ நின்று ஆற்றைப் பார்த்தபோது வாய் வரை வந்தது. இன்னும் நான்கு நாளில் கூட்டம் கிளம்பிவிடும், அதுவரை பொறு, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொடி கட்டும் அன்று சாயங்காலம் கோயில் வாசலில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திச் சாமியார் தண்ணீர் தெளித்தார். நீ வீட்டிலிருந்து மிதித்துக்கொண்டு வந்தாய், நாங்கள் பின்னால் நடந்து வந்தோம். கிரிக், கிரிக் என்று எனக்கே கேட்டது. வாசலில் நீ இறங்கினாய். தண்ணீர் உன் சைக்கிள் மேல் பட்டது. நீ ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கெபியில், அந்தக் கல் குகைக்குள் இருந்த மாதாவையே ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு மருமகளிடம் திரும்பி, கோபமே இல்லாமல், ஏதோ பஸ் கேன்சல் ஆனதைச் சொல்வதுபோல், "அவுங்களுக்கு இஷ்டமில்ல போல. எத்தன தடவ பிரிச்சி மாட்டியாச்சி. இதுக்கு மேலயும் போனா அது அடம்" என்றாய். உன் கொடியைப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்தாய். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன், மகனே. கோயில் வாசலில், மாதாவுக்கு நேராக, நான் செய்ததை அவர்களே செய்ததாக நீ ஏற்றுக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட வரவில்லை. நேர்ச்சையை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் பிழைக்க வைத்ததையும் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று நீ யோசிக்க ஆரம்பித்ததை நான் எப்படி எதிர்பார்க்க முடியும்? நீ அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் பீச்சுக்குப் போவதை நிறுத்தினாய். மாத்திரையை எண்ணிப் பார்த்து வைத்தாய். டிப்போ, நாற்காலி, ரிமோட். "ஆலப்பாக்கம்" என்று நான் ஆரம்பித்தால் "ஆளப் பாத்து ஏத்து" என்று முடிப்பவன், "புதுச்சத்திரம்" என்றால் "புதுச் சத்தம்" என்பவன், நான் ஸ்டாப்பிங் பெயரைச் சொன்னால் "ம்" என்றாய். நீ சிதம்பரம் வரை மிதித்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து நான் செய்தேன். மிதிக்காமல் உட்கார்ந்தே உனக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்குக்கூட நீ லைட் போடவில்லை, நான்தான் போட்டேன், ஷாக் அடித்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. தப்பை உடனே சொல்லாமல் விட்டால் அது வளர்ந்து நம்மைவிட உயரமாகிவிடுகிறது. பிறகு அதன் தோளைத் தட்டிக் கூப்பிடவே எட்டவில்லை. இது உன் அம்மாவின் அனுபவம், வேண்டுமானால் எடுத்துக்கொள்.

புதன்கிழமை நீ டிரைவர் மாமாவுக்கு ஃபோன் போட்டு "வந்து எடுத்துக்கிட்டுப் போ மச்சான்" என்றதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை ஸ்கூலிலிருந்து வந்ததும் வலது ரப்பரைக் கழற்றினேன். எக்ஸ்ரேப் பட்டை மஞ்சளடித்து, மடிப்பில் வெடித்து இருந்தது. எடுத்து நோட்டுக்குள் வைத்தேன். கம்பியைத் துடைத்து ரப்பரை மாட்டி, முடிந்தது கதை என்று ஏறி உட்கார்ந்து தெருவில் ஒரு மிதி மிதித்தேன்.

கிரீச்.

இது என் சத்தமில்லை. என் சத்தம் கிரிக், இது கிரீச். இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நானும் கெபி இருக்கும் திசையைப் பார்த்தேன். பிறகு உன் ஞாபகம் வந்தது. ரெண்டு சத்தம் கேக்குது. ஒண்ணு கீழ, ஒண்ணு பின்னால. பாய் சிரித்தார், கடை சிரித்தது, நான் சிரித்தேன். நீ மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறாய்.

அப்புறம் நான் உன்னை மாதிரி எல்லாவற்றையும் பிரிக்கவில்லை. எங்கே கத்துகிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, எப்போது கத்தவில்லை என்று தேடினேன். மிதிக்காமல் உருட்டிப் பார்த்தேன், பள்ளத்தில் இறங்கினால் கத்தியது. அப்படியானால் பெடல் இல்லை, செயின் இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்டினேன், கத்தியது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினேன், பேச்சு மூச்சில்லை. வெள்ளிக்கிழமை காலை டியூஷனுக்கு உன் சைக்கிளிலேயே போனேன். அந்தப் பெரிய சைக்கிளில் என்னைப் பார்த்துத் தெருவே வேடிக்கை பார்த்தது. பாலத்து மேட்டில் ஏறும்போது சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். சத்தம் நின்றது. உட்கார்ந்தேன், கிரீச். எழுந்தேன், இல்லை. உட்கார்ந்தேன், கிரீச். பாலத்தின் நடுவிலேயே இறங்கி, உன் ரெக்சின் உறையைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஸ்பிரிங் வளையத்துக்கு நடுவில், உள்ளே தள்ளி, இறுக்கி, ஒரு சின்ன முடிச்சு. கிரீஸும் தூசியும் ஏறிக் கறுத்த துணி. நகத்தால் சுரண்டினால் உள்ளே காவி நிறம். அழுத்திப் பார்த்தால் வட்டமாக ஒரு காசு.

டியூஷனுக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தேன். மருமகள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, சீட்டுக்கு அடியில காசு முடிஞ்சி கட்டினது நீயா?"

கத்தி நின்றது. தலை நிமிரவில்லை.

"ஆமா. அவுரு மொத நாள் பீச்சுக்குப் போனப்பவே கட்டினேன். பத்திரமா போயி வரணும்னு. வெளிய கட்டினா உங்கப்பா கிண்டல் பண்ணுவாரு."

"அதாம்மா அவ்ளோ நாளா கத்திச்சி. ரெண்டு சத்தம்னு அப்பா சொன்னாரே, அதுல ஒண்ணு நீ."

"இன்னொண்ணு நீ" என்றாள் மருமகள்.

நான் எதுவும் கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"எக்ஸ்ரே ஓரத்த எலியாடி கடிச்சிது? அடுத்த தடவ செக்கப்புக்கு எடுக்கும்போதே பாத்தேன். கோணல் மாணலா வெட்டியிருக்க. கைப்பிடியில சோப்பு வாசன வேற."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

பிறகு அவளே சொன்னாள். "போயி வரணும்னு காசு முடிஞ்சதும் நான்தான். போவாம இருந்தா நல்லாருக்கும்னு வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான். கோயிலுக்குப் போயி நிக்கவே கூச்சமா இருக்குடி." மீன் கையைப் பார்த்துக்கொண்டே அழுதாள், துடைக்கக் கை இல்லாமல். நான்தான் துடைத்துவிட்டேன். முடிந்த காசு சைக்கிளிலேயே இருக்கட்டும் என்றாள். ஸ்பிரிங்கிலிருந்து எடுத்து, புதுக் காவித் துணியில் முடிந்து, ஹேண்டிலின் நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி அவளே கட்டினாள். பார், இப்போதும் அங்கேதான் இருக்கிறது. கிண்டல் பண்ணிப் பார், தெரியும் சேதி.

நேற்று சாயங்காலம் டிரைவர் மாமாவுக்கு ஃபோன் செய்தேன்.

"யாரு, வாலுப் பொண்ணா? என்னா விசயம்?"

"மாமா, திங்கக்கெழம சைக்கிள் எடுக்க வராதீங்க."

"ஏன், என் மச்சான் மனசு மாறிட்டானா?"

"இன்னும் இல்ல. மாத்தணும்." எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, கோயில் வாசல், காசு. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. சொன்னது இதுதான், அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "பாப்பா, இருவது வருசம் அவன் விசில கேட்டு வண்டி ஓட்டினவன் நான். கெழவி கால் தடுக்கினா ஒத்த விசில், வண்டி நிக்கணும். ஸ்கூல் புள்ள பை மாட்டிக்கிட்டா ஒத்த விசில். அன்னிக்கி அவனுக்கு ஆலப்பாக்கத்துலயே வலி எடுத்துடுச்சாம், அப்புறந்தான் சொன்னான். சிதம்பரம் போற வரைக்கும் டிக்கெட் கிழிச்சிக்கிட்டே வந்திருக்கான். எனக்கு ஒரு விசில் அடிச்சிருந்தா அங்கயே ஓரங்கட்டியிருப்பேன்ல? ஊருக்கெல்லாம் வண்டிய நிறுத்தினவன், தனக்கு நிறுத்தல பாரு."

எனக்கு அது தெரியாது, மகனே. ஓம வாட்டர் மூன்று நாள்தான் எனக்குத் தெரியும். ஆலப்பாக்கம் தெரியாது. உன் சைக்கிளில் ஒரு கிரிக் கேட்டால் ஊரையே கூட்டுகிறாய், கடைக்குக் கொண்டு போகிறாய், பிரித்துப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவுகிறாய். உனக்குள்ளே கேட்டால் மட்டும் டிக்கெட் கிழிக்கிறாய். உன்னை இதற்காகத் திட்டலாம் என்று நேற்று ராத்திரி முழுக்க வார்த்தை சேர்த்து வைத்தேன். பிறகு யோசித்தால், ஒரு தடவை உன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்? அப்போது நான் என்ன செய்தேன்? சிரிக்கிறவர்கள் முன்னால் யார் விசில் அடிப்பான்?

ஆகவே இப்போது உன் அம்மாவின் உத்தரவு. நாளை ஞாயிறு. முதல் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து கிளம்புகிறாய். தை மாதக் காலை, வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் தாண்டிவிடலாம். டாக்டரிடம் நேற்றே மருமகள் பேசிவிட்டாள். போன மாதம் பார்த்ததில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம், அதே நிபந்தனைதான், விட்டு விட்டுப் போகணும். கொடி இல்லை, கூட்டம் இல்லை. டிரைவர் மாமா மட்டும் பைக்கில் உன் பின்னால் வருவார். "இத்தன வருசம் முன்னால நான், பின்னால அவன். ஒரு நாளு மாத்தி உக்காந்து பாக்குறோம்" என்றார். காரைக்காட்டில் ஒரு நிறுத்தம், ஆலப்பாக்கத்தில் ஒரு நிறுத்தம், புதுச்சத்திரத்தில் இட்லி, பி.முட்லூரில் இளநீர். எவ்வளவு நேரமானாலும் சரி, எக்ஸ்பிரஸ் ஆகாதே, டவுன் பஸ்ஸாகவே போ. நானும் மருமகளும் பஸ்ஸில் முன்னாலேயே போய்ச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். அங்கிருந்து மூன்று பேருமாக வேளாங்கண்ணிக்கு. இஷ்டமில்லை என்று சொன்னவர்களிடம் நேரில் போய், அப்படிச் சொன்னது நீங்கள் இல்லையாமே என்று கேட்டுவிட்டு வா. நானும் பக்கத்தில் நிற்பேன். எனக்கும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சைக்கிள் தயார். பெடல் புதுசு, அச்சுக்குக் கிரீஸ் நீயே வைத்தது, செயினுக்கு நான் எண்ணெய் விட்டிருக்கிறேன். இன்று காலை பாலத்து மேட்டில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன், உட்கார்ந்தும் நின்றும். ஒரு சத்தமும் இல்லை. இப்போது உன்னைத் தடுக்க என் கையில் ஒன்றுமே இல்லை. அதுதான் என்னை ஓரிடத்தில் உட்கார விடாமல் அடிக்கிறது.

எக்ஸ்ரேப் பட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கடிதத்தை ஒட்டவில்லை, மருமகளும் டிரைவர் மாமாவும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க இனி எதுவுமில்லை. கூடவே பீரோவிலிருந்து எடுத்த உன் பழைய விசிலும் இருக்கிறது. சோப்பு இல்லை, மூன்று தடவை கழுவினேன், ஊதிப் பார்த்துக்கொள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போ. கோபம் இருந்தால் இன்று இரவு என்னிடம் பேசாதே, பரவாயில்லை. காலையில் கோயில் வாசலில் நான் நிற்பேன், வாயாலேயே இரண்டு விசில் அடிப்பேன், போலாம் ரைட் என்று. அது என் வேலை. ஒத்த விசில் உன் வேலை. நெஞ்சில் என்றாலும், மூச்சில் என்றாலும், வெறும் பயம் என்றாலும், ரோட்டில் என்றாலும், நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் நியூஸ் பார்க்கும்போது என்றாலும், ஒன்றே ஒன்று அடி. நான் ஓடி வருவேன். சிரிக்க மாட்டேன்.

உன் அம்மா